அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி

ஜூலை 3, வியாழன்

என் கணவருடைய படத்தைக் கண்டு நான் பயந்து அலறினேன் என்று என் நாத்தனார் அலோசியா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையல்ல. எழுபத்தைந்து வயதுவரை நான் எதற்கும் அலறியதில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு அது கற்றுத்தரப்படவில்லை. அச்சகத்திலிருந்து மாதிரிப் படம் வந்தது. பார்த்தேன். தரம் சரியில்லை என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கஸ்பார் மிராண்டா இறந்து வரும் ஆகஸ்ட் 9-ஆம் தேதியோடு ஓராண்டு. முதலாண்டுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்கு நினைவு அட்டை கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு பக்கம் இறந்தவருடைய படம், மறுபக்கம் செபம். வாங்கிப்போய் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அதோடு, கோயிலில் பீடத்துக்குக் கீழே வைக்கப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் ஒரு பெரிய படம். பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று. மூன்றும் ஒரே படத்திலிருந்து வர வேண்டும் என்பது என் விருப்பம்.

படம் அவருடைய போனில் இருந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகின் இஞ்சினைப் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். கேமராவையும் இஞ்சினைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். இந்த ஒரு படத்தில் மட்டும் சிரிக்கிறார். யார் எடுத்தது என்று தெரியவில்லை. ஏதாவது திருவிழாவில் யாராவது எடுத்திருப்பார்கள்.

மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் அவருக்கு இருபது வருஷமாகக் கிடையாது. மாதிரிப் படத்தில் அந்தப் பல் இருந்தது, மற்றவற்றைவிட வெள்ளையாக. இமை மயிரை யாரோ ஒவ்வொன்றாக நட்டுவைத்திருந்தார்கள். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஜூலை 4, வெள்ளி

தண்ணீர் வரும் நாள். இரண்டு தொட்டியும் நிரப்பினேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். காலையிலிருந்து மின்சாரம் இல்லை. படம் கவிழ்ந்தே இருக்கிறது.

ஜூலை 5, சனி

மாதிரிப் படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நானே அச்சகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்கிறவள் வடிவு. நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறாள். திருவிழா வேலை மலைபோல் கிடந்தும் எனக்கு நாற்காலி போட்டாள்.

"ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருக்கும்மா?"

"ஸ்கிரீன்ல இருக்கது என் வீட்டுக்காரர். பேப்பர்ல வந்தவர் யாரு?"

வடிவு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

"இது வாட்ஸ்அப்ல வந்த படம்மா. அனுப்பும்போதே அது படத்தச் சுருக்கிரும். நீங்க முகம் மட்டும் வேணும்னீங்க. முகத்த வெட்டி எடுத்தா குறுக்க முந்நூத்தி இருபது புள்ளிதான் மிஞ்சுது. அச்சுல ஒரு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேணும். அப்பம் இந்த முகம் ஒரு அங்குலத்துக்குத்தான் சரியா வரும். அதுக்கு மேல பெருசாக்கினா இல்லாத புள்ளிய சாஃப்ட்வேரே யோசிச்சுப் போட்டுரும்."

"நீங்க முந்நூறுன்னு போட்டுத்தான அனுப்புனதாச் சொன்னீங்க?"

"எழுவத்திரெண்டுன்னு இருந்த கட்டத்துல முந்நூறுன்னு அடிச்சேன். அந்த நம்பரு எவ்வளவு நெருக்கி அடிக்கணும்னுதான் சொல்லும். புள்ளி எத்தனை வந்துச்சோ அத்தனைதான்ம்மா. நம்பர மாத்தினா புள்ளி கூடாது."

"கூடாதுன்னு தெரிஞ்சும் ஏன் மாத்தினீங்க?"

"எல்லாரும் முந்நூறு இருக்கான்னுதான் கேக்காங்க. யாரும் புள்ளிய எண்ணச் சொல்லல."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

இல்லாத புள்ளியை இயந்திரம் யோசித்துப் போடுகிறது என்பதை நான் உடனே புரிந்துகொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். கடைசி பதினொரு வருஷம் மேற்பார்வையாளர். வெளியூர் டிரங்கால் லைனில் இரைச்சல் அதிகமாக இருக்கும்போது, கேட்காத வார்த்தையைத் தானே ஊகித்து அந்தப் பக்கம் சொல்லிவிடும் பெண்கள் உண்டு. அவர்களைத்தான் நான் முதலில் வேறு இருக்கைக்கு மாற்றுவேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். என் காது இன்றைக்கும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணும்.

திரைக்கு அங்குலக் கணக்கு கிடையாதாம். குறுக்கே மொத்தம் எத்தனை புள்ளி என்பதுதான் பேச்சு. ஆயிரத்துச் சொச்சம் இருந்தால் போனில் பளிச்சென்று இருக்குமாம். அதனால்தான் அவர் அங்கே உயிரோடு இருக்கிறார், தாளில் இல்லை.

"பேசாம பிளெக்ஸ் போர்டு வச்சிருங்கம்மா. அதுக்கு எழுவத்திரெண்டே போதும். ரோட்டுல போறவன் தூரத்துலருந்துதான பாக்கான்."

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் போதும். நான் அந்த முகத்தை நாற்பத்தெட்டு வருஷம் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்தவள்.

புறப்படும்போது வடிவு சொன்னாள்: "அவுங்க தோள்ல ஒரு கறை இருந்துச்சும்மா. அதையும் அழிச்சிட்டேன்."

"எங்க?"

திருத்தாத படத்தைத் திறந்து காட்டினாள். வலது தோளின்மேல், படத்தின் ஓரத்தை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று.

"துண்டாயிருக்கும்" என்றேன்.

அவர் துண்டு போடுவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு போனில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரளவுக்கு மேல் போனால் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது. கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினால் தெரிகிறது. அது கை. நான்கு விரல்கள் அவர் தோளைப் பிடித்திருக்கின்றன. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது.

என் சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்திருக்கும். என் அம்மாவுக்கும் அப்படி.

அது என் கை. ஆனால் அந்த இடத்துக்கு நான் போனதில்லை. அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பாதிவரை பச்சை ஓடு. எங்கள் வீட்டில் பச்சை ஓடு கிடையாது, எங்கள் சொந்தக்காரர் யார் வீட்டிலும் கிடையாது.

படம் போனுக்கு வந்த நாள் போன வருஷம் பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. சாம்பல் புதனுக்கு முந்தின நாள். பழைய நாட்காட்டிகளை நான் எறிவதில்லை. எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "கஸ்பார், மதுரை, கண் ஆஸ்பத்திரி. எலுமிச்சை சாதம்."

மூன்று வருஷ நாட்காட்டியையும் பார்த்தேன். பதினாறு முறை கண் பரிசோதனை. எல்லாம் செவ்வாய்க்கிழமை. மூன்று வருஷத்தில் அவர் கண்ணாடியின் பவர் மாறவேயில்லை. நல்ல கண்கள்.

ஜூலை 9, புதன்

நாள் முழுவதும் வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தேன். குளிராக இருந்தது. தூத்துக்குடியில் ஜூலை மாதம் குளிர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

அலோசியா வந்தாள். நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாள். கருவாடு ஒரு சாக்கு.

"மைனி, படத்துல அண்ணன் தோள்ல யாரோ கைய வச்சிருக்காகளாமே? அச்சாபீஸ் பிள்ள சொல்லிச்சு. ஆவின்னு தெருவுல பேசுதாக."

"தெருவுல பேசுறதுக்கு நீதான் காரணம்."

"நான் பேசாட்டா தெரு செத்துரும்" என்று சொல்லிக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வெட்டிருங்க மைனி. அந்தக் கைய வெட்டிட்டா படம் சரியாப்போயிரும். வெட்டுறதுல நீங்க கெட்டிக்காரிதான?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் வெள்ளிவிழாப் படத்தில் முன்பு மூன்று பேர் இருந்தோம். கஸ்பார், நான், மகள் கிளாரிஸ். இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

கிளாரிஸ் எங்களுக்கு ஒரே பிள்ளை. கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். ஒன்பது வருஷம் கழித்து உடுப்பைக் களைந்துவிட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இது நடந்து பன்னிரண்டு வருஷம். நான் அவளைத் துரத்தினேன் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. வாசலில் வந்து நின்றவளிடம், எந்த உடுப்பில் இந்த வீட்டுக்குள் வரப்போகிறாய் என்று கேட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த வாரமே ஸ்டுடியோவில் வெள்ளிவிழாப் படத்தை ஸ்கேன் செய்து, அவள் நின்ற பக்கத்தை வெட்டி, மிச்சத்தைச் சுருக்கி, அதே பெயரில் சேமிக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பெரிய படம் அழிந்து அதன் இடத்தில் சிறிய படம் வந்தது. அசல் பிரதி என்ன ஆனது என்று எழுத விரும்பவில்லை.

"அண்ணன் அடக்கத்துக்கு அவ வரல பாத்தீங்களா?" என்றாள் அலோசியா. "எட்டு நாள் கழிச்சுக் கல்லறைத் தோட்டத்துல ஒத்தையில நின்னா. நாந்தான் பாத்தேன்."

"உனக்கு அவ நம்பர் தெரியுமா? நீதான் சொன்னியா?"

"மாதாவாண நான் சொல்லல. எங்கிட்ட நம்பரே கிடையாது. யாரோ ரெண்டு வரியில போன்ல அனுப்பியிருக்காக. யாருன்னு கேட்டா வாயத் திறக்கல. அடக்கமெல்லாம் முடிஞ்ச பொறவு, ரெண்டு வரி."

பெற்ற தகப்பனின் சாவை இரண்டு வரியில் சொல்கிறவர்கள் நல்ல வளர்ப்பில் வளர்ந்தவர்களாக இருக்க முடியாது என்று சொன்னேன். அலோசியா கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவள் போனபிறகு வெள்ளிவிழாப் படத்தைக் கழற்றித் துடைத்தேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு நீலக் கீற்று. இத்தனை வருஷம் அதைச் சட்டத்தின் நிழல் என்று நினைத்திருந்தேன். அவள் அன்று கட்டியிருந்தது நீலப் புடவை.

ஜூலை 13, ஞாயிறு

திருப்பலியில் மனம் நிற்கவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் கை கொடுத்தாள். நான் கையைக் கொடுக்காமல் தலையை மட்டும் அசைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அச்சகம். ஜூலை 28-க்குள் படம் முடிவாகாவிட்டால் ஆகஸ்ட் எட்டாம் தேதிக்குள் அச்சாகி வராது என்று வடிவு சொன்னாள். திருவிழாச் சுவரொட்டிகள் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

"ஒண்ணு சொல்லுதேன்ம்மா. முகத்த வெட்டாதீங்க. முழுப் படமும் ஆயிரத்து நாப்பதுக்கு ஆயிரத்து அறுநூறு இருக்கு. அங்குலத்துக்கு முந்நூறு வச்சாலும் மூணே காலுக்கு அஞ்சு தாராளமா வரும். உங்க அட்டை மூணுக்கு நாலுதான? கை, சுவரு எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஊகிச்சுப் போட வேண்டிய புள்ளியே இல்ல. பல்லும் வராது."

வெட்டினால்தான் முகம் கெடுகிறது. வெட்டாமல் விட்டால் புள்ளிகள் போதும். இதை அவள் மூன்று விதமாகச் சொல்லிக்காட்டினாள். முதல் தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"கோயிலுக்குப் பெரிய படம்?"

"பதினெட்டு அங்குலத்துக்கு இழுத்தா, அங்குலத்துக்கு எம்பத்தொம்பது புள்ளிதான் நிக்கும். பீடத்துக்கிட்ட வந்து பாக்கவங்களுக்குச் சதுரம் தெரியும். அசல் வேணும்மா. எடுத்த போன்ல நாலாயிரம் புள்ளி உசரத்துக்கு இருக்கும். அப்பம் இருநூத்தி இருவது வந்துரும். அந்த அளவுப் படத்துக்கு அது போதும். எடுத்தவங்ககிட்ட கேளுங்க. வாட்ஸ்அப்ல படமா அனுப்பக் கூடாது, டாக்குமெண்டா அனுப்பணும். இல்லாட்டா மெயில். அப்பம் சுருங்காது."

அப்புறம் அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். "இன்னொண்ணு. போன்ல எடுக்க படம் இந்த அளவுல வராதும்மா. ஆயிரத்து அறுநூறு உசரம்னா ஆயிரத்து இருநூறு அகலம் இருக்கணும். இதுல நூத்தறுபது குறையுது. இந்தப் பக்கம், கை இருக்க பக்கம். அனுப்புனவங்க ஒரு ஆள வெட்டிட்டு அனுப்பியிருக்காங்க. கைய மட்டும் வெட்ட முடியல. வெட்டினா இவுக தோளும் போயிரும்."

அந்த ஓரத்தைக் கிட்டத்தில் பார்க்க நானும் மேசைமேல் கையூன்றிக் குனிந்தேன்.

"எடுத்தது சின்னப் பிள்ளையாயிருக்கும். கீழருந்து மேல பாத்து எடுத்திருக்கு. அவுகளும் குனிஞ்சுல்லா சிரிக்காக." பிறகு என் கையைப் பார்த்தாள். அதை மேசைமேல் வைத்திருந்ததை மறந்துவிட்டேன். "அட, இது உங்க கைதானம்மா? சுண்டுவிரல் அப்படியே இருக்கே."

"ஆமா" என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

ஜூலை 16, புதன்

கீரைக்காரியிடம் சண்டை. தண்டு முற்றல். சாப்பிடவில்லை.

மகள் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு அனுப்பியிருக்கிறாள். அப்பாவின் போன் யார் கையில் படும் என்று அவளுக்குத் தெரியும். என் அளவுக்குச் சுத்தமாக அவளுக்கு வெட்ட வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

அந்தப் படம் யாரிடமிருந்து வந்தது என்று இதுவரை பார்க்காமல் இருந்தேன். படங்கள் இருக்கும் இடத்தில்தான் அதைக் கண்டேன், செய்திகளைத் திறக்கவில்லை. பிறர் கடிதத்தைப் படிப்பது ஒழுக்கமல்ல என்ற காரணம்தான். இன்று திறந்தேன்.

அனுப்பியவரின் பெயர்: "கண் ஆஸ்பத்திரி."

கஸ்பார் படித்ததை அழித்துவிடுகிறவர். அந்தப் பெயரில் மிச்சம் இருப்பவை மூன்றே. முதலாவது படம். இரண்டாவது போன வருஷம் ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை வந்தது: "நாளைக்கு செவ்வாய். வருவீங்கள்ல?" அப்போது அவரை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாவது நான் எழுதியது. ஆகஸ்ட் 13, காலை பத்து மணி.

"நோயாளி 9-ஆம் தேதி காலமானார். இனி இந்த எண்ணுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டாம். திருமதி பெ. மிராண்டா."

எழுதியது நினைவிருக்கிறது. அன்று காலை வங்கி, மின்வாரியம், பென்ஷன் அலுவலகம் எல்லாவற்றுக்கும் தெரிவித்துக்கொண்டிருந்தேன். திரையின் மேலே நின்ற அறிவிப்பிலேயே, உள்ளே திறக்காமல், பதிலை அடித்துவிட்டுப் பட்டியலில் இதையும் டிக் செய்தேன். ஒரு வேலை ஒழுங்காக முடிந்தது என்று நினைத்தேன். செய்தியின் கீழே இரண்டு நீலக் குறிகள் இருக்கின்றன. படித்திருக்கிறாள். அதற்குப் பின் அந்தப் பெயரிலிருந்து ஒன்றும் இல்லை.

சரியாக இரண்டு வரி.

ஜூலை 18, வெள்ளி

கவிழ்த்து வைத்திருந்த மாதிரிப் படத்தைக் கிழித்துப் போட்டேன். பல்லோடு இருக்கிறவன் இந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

போனைத் திறந்து மேசைமேல் நிறுத்தி, எதிரே உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் அவர் பார்வை கீழே, படத்துக்கு வெளியே இருக்கிற யாரையோ பார்க்கிறது. திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பினேன். பதினான்கு முறை. பதினைந்தாவது முறை கறுப்புக் கண்ணாடியில் அவர் தோள் இருந்த இடத்தில் என் முகம் இருந்தது. தட்டைக் கழுவி வைத்தேன்.

அலோசியாவை ஒன்று மட்டும் கேட்டேன்: "கல்லறையில அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல மைனி. எழுதினது யாருன்னு கேட்டேன். 'அது நம்ம வீட்டுக் கையெழுத்துதான் அத்த'ன்னா. போன்ல வந்ததுக்கு ஏது கையெழுத்து? எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கியது.

ஜூலை 19, சனி

போனில் "கண் ஆஸ்பத்திரி" என்ற பெயரை மாற்றி "கிளாரிஸ்" என்று சேமித்தேன். கீழே உள்ளதை முதலில் தாளில் எழுதி, இரண்டு முறை திருத்தி, அந்த எண்ணுக்கு அனுப்பினேன். பிரதியை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

*

கிளாரிஸுக்கு,

இதை உன் அம்மா எழுதுகிறேன். போன வருஷம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி இந்த எண்ணிலிருந்து வந்த செய்தியை எழுதியதும் நான்தான். அது ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று நினைத்து எழுதினேன். உன் அப்பா உன்னை அந்தப் பெயரில் வைத்திருந்தார். உனக்கு என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். தெரிந்திருந்தால் எழுதியே இருப்பேனா என்று நீ கேட்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அப்பாவின் முதலாண்டு ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை. அதற்குப் போன வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி உன் வீட்டில் எடுத்த படம் வேண்டும். சுருக்கி அனுப்பியது அட்டைக்குப் போதும். கோயிலில் வைக்கும் படத்துக்குப் போதாது. அசல் வேண்டும். மூவாயிரத்துக்கு நாலாயிரம் புள்ளி இருக்க வேண்டும் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு. தெளிவாக்குகிறேன் என்று எந்த சாஃப்ட்வேரிலும் போடாதே. அவருக்கு இல்லாத பல்லை அது வைத்துவிடுகிறது.

நீ வெட்டிய பக்கத்தையும் சேர்த்து அனுப்பு. வெட்டாத படம்தான் வேண்டும். அட்டையிலும் அதுதான் வரும், கோயிலிலும் அதுதான் இருக்கும். ஊரில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

படத்தை எடுத்தது யார் என்றும், அவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றும், அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்றும் தெரிய வேண்டும்.

போனில் கூப்பிடாதே. எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. 28-ஆம் தேதிக்குள் பதிலை எழுத்தில் அனுப்பு.

அம்மா